பாடம் மறந்த பிறகு எது நிற்கிறது? பள்ளித் துறைகளைப் படிக்கும் விதம் பற்றி

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது?" பெரும்பாலும் திரிகோணமிதியில் வரும். சில நேரம் வரலாற்றில், ஆண்டுகளை உருப்போடும்போது வரும். பெரியவர்கள் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். "மார்க் வேணும்ல, படி" என்பது ஒன்று. "எல்லாம் பின்னாடி உதவும்" என்பது மற்றது. முதல் பதில் உண்மைதான், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இரண்டாவது, பெரும்பாலும் உண்மையே இல்லை. பள்ளியை விட்டு வந்தபின் சைன் 75 டிகிரியின் மதிப்பு எனக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை.

ஆனாலும் பள்ளியில் ஒவ்வொரு துறையும் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் அனுப்பியது. பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தில் அது இருக்காது. ஒரு செய்தி உண்மையா என்று அந்தத் துறை எப்படிச் சோதிக்கிறது என்பதே அது. கணித ஆசிரியர் "நிரூபி" என்பார். இயற்பியல் ஆசிரியர் "அளந்து காட்டு, இன்னொரு தடவை அள" என்பார். வரலாற்று வகுப்பில் "யார் சொன்னது, எப்போ சொன்னது?" கணக்குப்பதிவியலில் "ரெண்டு பக்கமும் நிற்குதா?" இவை எல்லாம் ஒரே கேள்விதான்: அது உனக்கு எப்படித் தெரியும்? எந்தப் பதில் செல்லும் என்பதுதான் துறைக்குத் துறை மாறுகிறது. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு படித்தால் தேர்வும் எளிதாகிறது, பாடம் மறந்த பிறகும் கையில் ஒன்று மிஞ்சுகிறது. நான் படித்ததிலும், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததிலும் பார்த்தது இதைத்தான்.

தானாக ஒட்டாது

முதலில் ஒரு கசப்பான செய்தி. கணிதம் படித்தால் மூளை கூர்மையாகும், லத்தீன் போன்ற செம்மொழி படித்தால் சிந்தனை ஒழுங்குபடும் என்று நூறாண்டுகளுக்கு முன் பள்ளிகள் உறுதியாக நம்பின. எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924ல் 8,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்தார். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சிந்தனைத் திறனை அளந்து, எந்தப் பாடம் எடுத்தவர்கள் அதிகம் முன்னேறினார்கள் என்று ஒப்பிட்டார். பாடத்துக்குப் பாடம் வித்தியாசம் மிகக் குறைவாகவே இருந்தது. ஏற்கெனவே நன்றாகச் சிந்திக்கும் பிள்ளைகள் லத்தீன் எடுத்தார்கள். அதனால் லத்தீன்தான் அவர்களை அப்படி ஆக்கியது போலத் தோன்றியது, அவ்வளவுதான் என்றார்.

1980ல் உளவியலாளர்கள் மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஒரு தளபதி கோட்டையைத் தாக்க வேண்டும். எல்லாச் சாலைகளிலும் கண்ணிவெடி. பெரும்படை போனால் வெடிக்கும், சிறு குழு போனால் வெடிக்காது. தளபதி படையைச் சிறு குழுக்களாகப் பிரித்து எல்லாச் சாலைகளிலும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார், கோட்டை வாசலில் எல்லாரும் சேர்கிறார்கள். இந்தக் கதையைப் படிக்க வைத்துவிட்டு ஒரு மருத்துவச் சிக்கலைக் கொடுத்தார்கள். வயிற்றில் கட்டி. வலிமையான கதிர் பாய்ச்சினால் கட்டி அழியும், வழியிலுள்ள நல்ல திசுவும் அழியும். மெல்லிய கதிர் பாய்ச்சினால் இரண்டுக்குமே ஒன்றும் ஆகாது. என்ன செய்வது? பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே இடத்தில் குவிக்க வேண்டும். விடை கையிலேயே இருந்தது. ஆனாலும் பெரும்பாலோருக்கு அது தோன்றவில்லை. "முன்னால் படித்த கதை உதவலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

பள்ளியில் நடப்பதும் இதுதான். கோட்டைக் கதையைப் பள்ளி சொல்லிக்கொடுக்கும், கட்டி வரும்போது பக்கத்தில் நின்று குறிப்புக் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே அந்தக் குறிப்பைப் படிக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: இந்தப் பாடத்தின் வாதம் பள்ளிக்கு வெளியே எங்கே வரும்? பாடத்தின் செய்தியை எழுத வேண்டாம், வாதத்தை எழுதுங்கள். சில பாடங்களுக்கு ஒன்றும் தோன்றாது. விட்டுவிடுங்கள், இழுத்துப் பொருத்த வேண்டியதில்லை.

கணிதம்

வெறுப்பு அதிகம் விழுவது இதன்மேல்தான். திரும்பக் கிடைப்பதும் இதிலிருந்துதான் அதிகம் என்பது என் கட்சி.

ஒரு கோவையை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, அதனோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 போட்டால் 41. 1 போட்டால் 43. 2 போட்டால் 47. எல்லாம் பகா எண்கள். 10 போட்டால் 151, அதுவும் பகா எண். 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை இதைக் கவனித்திருக்கிறார். 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். 40 போட்டால் 1681 வருகிறது; அது 41ஐ 41ஆல் பெருக்கியது. வரிசையாக நாற்பது தடவை நின்ற விதி அடுத்த தடவை விழுந்துவிட்டது.

"எத்தனை உதாரணம் காட்டினாலும் அது நிரூபணம் ஆகாது" என்று வகுப்பில் சொல்லும்போது காதில் விழுந்து அப்படியே போய்விடும் வாக்கியம், இந்த 1681ஐப் பார்த்தபின் போகாது. மாதாமாதம் தவறாமல் பணம் தருகிறார்கள், ஆகவே இந்தத் திட்டம் நம்பகமானது என்று ஒருவர் சொல்லும்போது கணிதம் படித்தவருக்கு உறுத்த வேண்டும். முப்பத்தொன்பது மாதம் வந்த பணம் நாற்பதாவது மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்ற காரணம் தெரிந்தால்தான் அது நிரூபணத்துக்குப் பக்கத்தில் வரும்.

சதவீதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 100 ரூபாய்ப் பங்கு 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் 96 ரூபாய். மாதம் 3 சதவீத வட்டியைக் கட்டாமல் விட்டால் ஆண்டுக்கு 36 சதவீதம் இல்லை, வட்டிக்கு வட்டி சேர்ந்து ஏறத்தாழ 42.6. இவை ஏழாம் எட்டாம் வகுப்புக் கணக்குகள். இதைவிட நுணுக்கமானது நிகழ்தகவு. ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ள பத்து பேரில் ஒன்பது பேரைப் பரிசோதனை சரியாகக் காட்டும். நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத் தவறாக 'உண்டு' என்று காட்டும். உங்களுக்கு 'உண்டு' என்று வந்திருக்கிறது. உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பெரும்பாலோர் 90 சதவீதம் என்பார்கள். எண்ணிப் பாருங்கள்: 'உண்டு' என்று வந்தவர்களில் உண்மையான நோயாளிகள் 9 பேர், தவறாக மாட்டியவர்கள் 990ல் 9 சதவீதம், அதாவது ஏறக்குறைய 89 பேர். மொத்தம் 98 பேரில் 9 பேர். பத்தில் ஒன்றுக்கும் குறைவு! ஆகவே செய்ய வேண்டியது இரண்டாவது பரிசோதனை. அன்றிரவே அழுது தீர்ப்பது அல்ல.

இதைத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது? தேற்றத்தைப் படிக்கும்போது அதிலுள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கையால் மறையுங்கள். பிதாகரஸ் தேற்றத்தில் 'செங்கோண' என்பதை மறைத்தால் எந்த வரி உடைகிறது? உடையும் வரியை நிரூபணத்தில் கண்டுபிடித்துவிட்டால் அந்த நிரூபணத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம், மறக்கவும் மறக்காது. ஸ்டெப் மார்க் போவதெல்லாம் நிபந்தனையைப் பயன்படுத்தும் அந்த ஒரு வரியை விட்டுவிடுவதால்தான்.

ஆய்வுக்கூடம்

பிராக்டிக்கல் என்றால் ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதுவது என்றே பலர் முடித்துக்கொள்கிறார்கள். கிராஃபில் புள்ளிகள் எல்லாம் கோட்டின்மேல் அமர்ந்திருக்கும், ஒன்றுகூட விலகாது. அப்படி ஒரு கிராஃபை இயற்கை யாருக்கும் கொடுத்ததில்லை!

ஊசல் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீள ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். ஏன் ஒரே அலைவை அளக்காமல் இருபது அலைவுகளை அளந்து இருபதால் வகுக்கச் சொல்கிறார்கள்? வைவாவில் கேட்கப் பிடித்தமான கேள்வி இது. "சராசரி எடுக்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம், பாதி மதிப்பெண் கிடைக்கும். முழுப் பதில் கடிகாரத்தை அழுத்தும் விரலில் இருக்கிறது. கண் பார்த்து விரல் அழுத்த ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். 2 விநாடியில் 0.2 விநாடிப் பிழை என்றால் 10 சதவீதம். அதே 0.2 விநாடி, இருபது அலைவுகளின் 40 விநாடியில் அரை சதவீதம்தான். பிழை போகவில்லை, நாம் அதைப் பங்குபோட்டுவிட்டோம். இந்த ஒரு யோசனை போதும்: ஒருநாள் எடையைப் பார்த்துப் பதறாமல் இருக்க, ஒரு மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து உங்களை நீங்களே தீர்மானித்துவிடாமல் இருக்க.

அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பார்கள், அதைக் கஞ்சத்தனம் என்போம். 1999ல் நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் அழிந்துபோனது அலகினால்தான். ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த எண்ணை இன்னொரு குழு நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கித் தொலைந்தது. தேர்வில் அலகைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு அது காவலும்கூட. சூத்திரம் சரியா என்று சந்தேகம் வந்தால் இரண்டு பக்கத்திலும் அலகைப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மீட்டரும் மறுபக்கம் விநாடியும் வந்தால் சூத்திரம் தப்பு. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வேதியியலின் பழக்கம் 'எவ்வளவு?' என்று கேட்பது. எதுவும் நஞ்சா மருந்தா என்பதை அளவும் சேர்க்கையும்தான் முடிவு செய்கின்றன. வெளுப்புத் திரவத்தோடு அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தை ஊற்றினால் குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்தால் குளோரமைன் வரும். இரண்டும் மூச்சுக்குழாயைப் பதம் பார்க்கும். "இரண்டும் சுத்தம் செய்வதுதானே, சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம்" என்று நினைக்காமலிருக்கவாவது வேதியியல் வகுப்பில் விழித்திருக்க வேண்டும்.

உயிரியல் பெரிய மனப்பாடப் பாடம் என்று பெயர் வாங்கிவிட்டது. அது கற்றுத்தரும் மிக முக்கியமான ஒன்று 'ஒப்பீட்டுக் குழு'. சளிக்கு ஒரு மாத்திரை போட்டேன், ஐந்தாவது நாள் சரியாகிவிட்டது. போடாமல் இருந்திருந்தால்? சாதாரணச் சளி ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போய்விடும். வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. பெனிசிலினை 1928ல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ல் நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்து எடுத்தால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். 'மருந்தெதிர்ப்பு' என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதுகிறோமே, அது இதுதான்.

கணினித் துறையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று போதும்: யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்கும் உள்ளீட்டைக் கொடுத்துப் பார்ப்பது. வயது கேட்கும் இடத்தில் பூஜ்யம், எதிர்மறை எண், வெற்றிடம். நிரல் எழுதும் தொழிலுக்கே போகாதவருக்கும் இந்தக் குறும்பு நல்ல குணம்.

வரலாறும் மொழியும்

இந்த இரண்டையும் பள்ளியில் தனித்தனி அறைகளில் வைத்திருக்கிறார்கள். சேர்த்துப் படித்தால்தான் இரண்டின் வலிமையும் தெரியும்.

ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன், மேற்குப் பேரரசின் ஆட்சியைப் போப்பாண்டவருக்குத் தானமாகக் கொடுத்ததாக ஒரு சாசனம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் செல்லுபடியாகி வந்தது. எழுதப்பட்டது நான்காம் நூற்றாண்டு என்று அதில் இருந்தது. 1440ல் லொரென்சோ வால்லா என்ற அறிஞர் அதை வரிவரியாகப் படித்து, அந்த லத்தீன் நான்காம் நூற்றாண்டு லத்தீனே அல்ல என்று காட்டினார். அந்தக் காலத்து ரோமில் வழங்காத பதவிப் பெயர்கள் உள்ளே இருந்தன. இன்றைய அறிஞர்கள் அது எட்டாம் நூற்றாண்டு வாக்கில் உருவான போலி என்கிறார்கள். வால்லாவிடம் இருந்ததெல்லாம் மொழியறிவும் ஒரு சந்தேகமும்தான்.

அதைத்தான் மூலாதாரக் கேள்வி உங்களிடம் கேட்கிறது. ஒரு பத்தியைக் கொடுத்து 'யார், எப்போது, யாருக்காக, எந்த நோக்கத்தில் எழுதினார்' என்று கேட்கும் கேள்வியைப் பலர் சாய்ஸில் விட்டுவிடுவார்கள், ஆண்டு கேட்கும் கேள்விதான் பாதுகாப்பு என்று. நான் தலைகீழாகச் சொல்வேன். ஆண்டு மறந்தால் விடை பூஜ்யம். மூலாதாரக் கேள்விக்கு வேண்டிய பாதி விடை கேள்வித்தாளிலேயே அச்சாகியிருக்கிறது. ஆண்டுகளை உருப்போடாமல் முன்பின்னாக அடுக்கிப் படியுங்கள். எது எதற்கு முன்னால் வந்தது என்று தெரிந்தால் காரணம் தெரியும், காரணம் தெரிந்தால் ஆண்டு பெரும்பாலும் தானே வந்துவிடும்.

வரலாற்றுத் துறையின் பழக்கத்துக்கும் புதுப்பிப்பு தேவைப்படுகிறது. 2017ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், செய்தி சரிபார்க்கும் தொழில்முறையாளர்கள் ஆகிய மூன்று குழுவினரையும் இணையப் பக்கங்களை மதிப்பிடச் செய்தார்கள். பேராசிரியர்கள் அந்தப் பக்கத்திலேயே தங்கி ஆழ்ந்து படித்தார்கள். அழகான முகப்பும் மிடுக்கான பெயரும் அவர்களில் சிலரையும் ஏமாற்றின. சரிபார்ப்பவர்கள் பக்கத்தைச் சில விநாடிகளில் விட்டு வெளியேறி, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அவர்கள்தான் விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். வரலாற்றின் கேள்வி அதேதான், யார் சொன்னது என்பது. அதற்கு விடை தேடும் இடம்தான் மாறியிருக்கிறது.

மொழிப்பாடத்தை மதிப்பெண் தருகிற பாடமாக மட்டும் பார்ப்பது பெரிய நஷ்டம். படித்துப் பொருளுணரும் பகுதியில் நல்ல ஆசிரியர் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருப்பார்: "எந்த வரியில இருக்கு, காட்டு." எழுதியவர் சொல்லாததை நாம் சேர்த்துக்கொண்டோமா என்று அறிய இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வாடகை ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், காப்பீட்டு விதிமுறை இவற்றில் மாட்டிக்கொள்பவர்கள், இருப்பதைப் படிக்காமல் இருக்கும் என்று நம்பியதைப் படித்தவர்கள். சுருக்கி வரைதல் இன்னொன்று. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும்போது எதை விடலாம் என்று முடிவு செய்ய வேண்டும்; அலுவலகத்தில் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பத் தொடங்கிய பிறகு நான் மொழி ஆசிரியரை நினைத்த அளவு வேறு யாரையும் நினைக்கவில்லை. விண்ணப்பக் கடிதத்தின் பழைய வடிவத்தைக் கேலி செய்யலாம். ஆனால் யார் கேட்கிறார், என்ன கேட்கிறார், எதற்குள் வேண்டும் என்ற மூன்றும் அதில் கண்டிப்பாக இருந்தாக வேண்டும். இன்று வரும் மின்னஞ்சல்களில் பாதியில் அது இருப்பதில்லை.

புவியியலுக்கு ஒரு வரைபடம் போதும். 1569ல் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் கப்பலோட்டிகளுக்காக வரைந்த முறையில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. மெர்கேட்டர் பொய் சொல்லவில்லை. திசையைக் காப்பாற்றப் பரப்பை விட்டுக்கொடுத்தார். எந்த வரைபடத்தையும், எந்த விளம்பர வரைகலையையும் பார்த்தால், இது எதைக் காப்பாற்ற எதை விட்டுக்கொடுத்தது என்று கேட்கத் தோன்றினால் புவியியல் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

டேலி ஆகிவிட்டால் போதுமா?

வணிகவியல் பிரிவில் படித்தவர்களிடம் எனக்கு ஒரு பொறாமை உண்டு. இரட்டைப் பதிவு முறையை 1494ல் வெனிஸில் லூக்கா பசியோலி என்ற கணித அறிஞர் அச்சில் விளக்கினார். வணிகர்கள் அதற்கு முன்பே பயன்படுத்தி வந்ததுதான். ஒவ்வொரு வரவும் எங்கோ ஒரு பற்றாக இருக்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் அற்புதமானது. இலாபம் வேறு, கையில் உள்ள ரொக்கம் வேறு என்பதை அறிவியல் பிரிவில் படித்த எனக்குச் சம்பளம் வாங்கத் தொடங்கும்வரை யாரும் சொல்லவில்லை.

அந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்கள் சமமா என்று பார்க்கும் பட்டியல்) காட்டாத பிழைகள். இரண்டு பக்கமும் டேலி ஆன பிறகும் கணக்கு தவறாக இருக்கலாம். ஒரு நடவடிக்கையை முழுவதும் பதியாமலே விட்டிருக்கலாம். இயந்திரம் வாங்கியதைச் செலவு என்று எழுதியிருக்கலாம். ஒரு தவறை இன்னொரு தவறு ஈடுகட்டியிருக்கலாம். தேர்வுக்கு இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியலை விட்டுவிட்டு ஒரு சின்னக் கணக்கை எடுத்து, டேலி கெடாமல் எப்படி ஏமாற்றலாம் என்று முயன்று பாருங்கள். ஒரு மாலையில் எல்லா வகையும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். முன்னுக்குப்பின் முரண் இல்லாமல் ஒருவர் பேசுகிறார் என்பதாலேயே அவர் சொல்வது உண்மை ஆகிவிடாது என்பதும் கூடவே புரியும்.

மதிப்பெண் பட்டியலில் கடைசியில் நிற்பவை

உடற்கல்வி, ஓவியம், இசை, தொழிற்பிரிவு. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோகும் பீரியட்கள் இவைதான். 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அந்த பீரியடைப் பிடுங்கிக் கணக்கு நடத்தும் பள்ளிகளுக்கு அது தெரியாமலில்லை.

இந்தத் துறைகளில் 'எனக்குத் தெரியும்' என்று வாயால் சொல்லித் தப்ப முடியாது. நீந்தத் தெரியுமா என்றால் குளத்தில் இறங்க வேண்டும். மரவேலையில் இரண்டு துண்டும் பொருந்தியதா என்பது கண்ணுக்கே தெரியும், ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. தொழிற்பிரிவை 'மார்க் குறைந்தவர்கள் போகுமிடம்' என்று ஒதுக்குவதுபோல் அபத்தம் வேறில்லை. செய்து காட்டுவதே சான்று என்ற கண்டிப்பு மற்றத் துறைகளுக்குக் கொஞ்சம் வந்தால் நன்றாக இருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எல்லார் முன்னாலும் தோற்றுவிட்டு அடுத்த நாள் திரும்ப வருவதற்கு மைதானத்தைத் தவிரப் பள்ளியில் வேறு இடம் ஒதுக்கப்படவில்லை.

தேர்வறைக்கு

துறையின் சோதிக்கும் முறையை நம் விடைமீதே திருப்பலாம். கணிதத்தில் கிடைத்த விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போடுவது, இயற்பியலில் அலகைப் பார்ப்பது, வேதியியலில் அணுக்களை இரண்டு பக்கமும் எண்ணுவது, மொழியில் விடைக்கான வரியைப் பத்தியில் தொட்டுப் பார்ப்பது. கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாத் தாளையும் ஒரே மாதிரிப் புரட்டுவதைவிட இது அதிகம் மீட்டுத்தரும்.

ரிவிஷனுக்கு ஒன்று. 2006ல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கவும், மறுபகுதியினரைப் படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். இதில் ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிடம்தான். படித்து முடித்த உடனே எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும், அந்த நம்பிக்கையில் புத்தகத்தை மூடிவிடுவோம். புத்தகத்தை மூடிய பிறகுதான் வேலை ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாள் எடுத்து எழுதுங்கள், விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள், அடுத்த வாரம் அந்த வேறு நிறத்தை மட்டும் பாருங்கள்.

பிரிவு தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு

'எந்தப் பிரிவு எடுத்தால் எந்த வேலை' என்ற பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதை நான் திரும்ப எழுதவில்லை. என் அளவுகோல் வேறு: எந்த வகைச் சோதனையை நாள் முழுக்கச் செய்ய உங்களால் பொறுக்கும்? விடை ஒன்றே, அது முடிந்தால்தான் தூக்கம் என்பவருக்குக் கணிதம் இனிக்கும், மூலாதாரம் எரிச்சலூட்டும். ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சாட்சி சொல்வதை ரசிப்பவர் வரலாற்றிலோ சட்டத்திலோ செழிப்பார். எண்ணில் ஒரு ரூபாய் இடித்தால் விடாமல் தேடுபவர் வணிகவியலுக்கு உரியவர். பிடித்த ஆசிரியர் என்பதற்காகப் பிரிவை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறிவிடுவார்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பாடப்புத்தகத்தைப் பார்க்காதீர்கள், அதன் முதல் அத்தியாயம் எல்லாத் துறையிலும் ஆசைகாட்டத்தான் எழுதப்பட்டிருக்கும். மேல்வகுப்பின் பழைய வினாத்தாள்களை ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒன்று வாங்குங்கள். நெடுவினாக்களில் வரும் ஏவல்களைக் கவனியுங்கள்: நிரூபி, கணக்கிடு, வேறுபடுத்து, மதிப்பிடு, பதிவு செய்க, வரைக. பிறகு ஒவ்வொரு தாளிலும் ஒரு கேள்வியை எடுத்து, அதற்குரிய பாடத்தை மட்டும் படித்துவிட்டு, அரை மணி நேரம் விடை எழுத முயலுங்கள். சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டாம், இன்னும் யாரும் உங்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. விடை தப்பு என்று தெரிந்த பிறகும் எந்தக் கேள்வியைத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கை போகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு தாள்கள் சமமாக வந்தால் வீட்டில் அந்த இரண்டையும் காட்டிப் பேசுங்கள். "எனக்கு இது பிடிச்சிருக்கு" என்று மொட்டையாகச் சொல்வதைவிட, எழுதிப் பார்த்த தாளோடு போனால் அப்பா அம்மாவும் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுப்பார்கள்.